பதினாலாம் கட்டில் அம்மாவை யாருக்குத் தெரியும்?

மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்நோயாளிகளுக்கான மனநல வார்டு நடத்துகிற எல்லா மருத்துவமனைகளின் பொறுப்பாளர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அரசு, தனியார் என்று பார்க்கவில்லை. பதினேழு வருடமாக நான் ஸ்டாஃப் நர்ஸ். அதில் பதினோரு வருடம் மனநல வார்டில் கழிந்தது. நான் வேலை பார்த்த இடங்களின் பெயரை எழுதப்போவதில்லை. இங்கே சொல்லும் நோயாளிகளின் வயதையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றை மாற்றவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மனநல வார்டில் எங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். நோயாளிகளைப் பிரித்துக் கொடுங்கள். அதையும் தனித்தனி ஆளுக்குக் கொடுக்காமல் ஒரு குழுவிடம் கொடுங்கள்.

இப்போது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்துநான்கு கட்டில். காலை டியூட்டிக்கு இன்ஜார்ஜ் சிஸ்டரைத் தவிர மூன்று பேர். ஒருவர் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போவார். ஒருவர் பி.பி., டெம்பரேச்சர் பார்த்துவிட்டு இன்ஜெக்‌ஷன் போடுவார். இன்னொருவர் ரிஜிஸ்டர், மருந்தும் பொருளும் கேட்டு எழுதும் இன்டென்ட், அட்மிஷன், டிஸ்சார்ஜ் என்று மேசையிலேயே இருப்பார். ஆயாம்மா குளிக்க வைப்பார், துடைப்பார். சாப்பாட்டுக்காரர் தட்டை வைத்துவிட்டுப் போவார். பாடத்தில் இதை ஃபங்ஷனல் நர்சிங் என்று படித்தோம். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு இந்த முறை ஓரளவுக்குச் சரிப்பட்டு வரலாம். அவருக்கு வலித்தால் அவரே கூப்பிட்டுச் சொல்வார். எங்கள் வார்டில் இருப்பவர்களில் பாதிப்பேர் கூப்பிட்டுச் சொல்லும் நிலையில் இருப்பதில்லை. பேசுகிறவர்கள் சொல்வதையும் 'இது நோய் பேசுகிற பேச்சு' என்று தள்ளிவிடுகிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். அக்னி நட்சத்திரம். நம் கடலோரத்துப் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினாலாம் கட்டிலில் பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். இருமுனை மனநோய். மகள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம் தூங்காமல் பாடிக்கொண்டும் கடன் வாங்கி எல்லோருக்கும் புடவை எடுத்துக்கொண்டும் இருந்தவரை அழைத்து வந்திருந்தார்கள். லித்தியம் ஆரம்பித்து, ஒரு வாரத்துக்கு முன் அளவைக் கூட்டியிருந்தார்கள். நல்ல முன்னேற்றம். ராத்திரி தூங்கினார்.

லித்தியம் நல்ல மருந்து, ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை இருந்தால் வேலை செய்யும். 1.5-ஐத் தாண்டினால் விஷமாக ஆரம்பிக்கும். உடம்பில் நீர் குறைந்தாலும் உப்பு குறைந்தாலும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இதெல்லாம் எங்கள் வார்டில் இருந்த ஒவ்வொரு நர்ஸுக்கும் பாடமாகத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு பி.பி. இருந்ததால் உப்பில்லாத டயட் எழுதியிருந்தார்கள். அது சாப்பாட்டுக்காரருக்குத் தெரியும். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அது ஆயாம்மாவுக்குத் தெரியும். காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கி, காபி புடவையில் சிந்தியது. அதைப் பார்த்தது பயிற்சிக்கு வந்திருந்த நர்சிங் மாணவி. பி.பி. வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. அதை எழுதிய சிஸ்டர் 'உப்புக் குறைத்தது நல்லதாப் போச்சு' என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். ரிஜிஸ்டரில் மூன்று ஷிஃப்ட்டிலும் ஒரே வரி: 'நோயாளி அமைதியாக உள்ளார்.'

மாத்திரை கொடுத்தது நான். ஆறு வேளை கொடுத்தேன். வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, விழுங்கினாரா என்று சரிபார்த்துக் கொடுத்தேன். என் வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஆயாம்மா சும்மா இருக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் சிஸ்டரிடம் போய், "பதினாலாம் பெட் அம்மா நேத்திலேர்ந்து பத்து வாட்டி போயிட்டு வருது சிஸ்டர்" என்று சொல்லியிருக்கிறார். அவர் கையில் சிரிஞ்சோடு, "மருந்து சிஸ்டர்கிட்ட சொல்லுங்க" என்றிருக்கிறார். என்னைத் தேடி வந்தபோது நான் மருந்து எடுக்க ஃபார்மசிக்குப் போயிருந்தேன். அதற்குள் ஆயாம்மாவை வேறு வார்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான்காம் நாள் காலை அந்த அம்மா எழுந்து நின்றபோது கால் பின்னியது. பேச்சு குழறியது. ரத்தம் எடுத்து அனுப்பினோம். லித்தியம் 2.3. பொது மருத்துவ வார்டுக்கு மாற்றி, சலைன் ஏற்றி, ஐந்து நாள் ராப்பகலாகப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்குப் போனார். ஆனால் அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம், அவர் கையில் நான் வைத்த மாத்திரைதான் நினைவுக்கு வந்தது.

உப்பு, வயிற்றுப்போக்கு, நடுக்கம், பி.பி., லித்தியம். ஐந்து பேரும் ஐந்து நிமிடம் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். யாரும் வேலையில் அலட்சியம் காட்டவில்லை. அதனால்தான் இந்தச் சம்பவம் எனக்கு ஆறவே இல்லை. ஒருவர் தூங்கியிருந்தால், ஒருவர் பொய்க் கையெழுத்துப் போட்டிருந்தால், அவருக்கு மெமோ கொடுத்து முடித்திருக்கலாம். இங்கே மெமோ யாருக்குக் கொடுப்பது?

அதற்குப் பிறகுதான் எங்கள் இன்ஜார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர் மூன்று மாதம் செய்து பார்க்கலாம் என்று சம்மதித்தார். அந்த மூன்று மாதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

வார்டைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு பாதிக்கும் ஒரு குழு. அனுபவம் உள்ள ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் தலைமை. அவரோடு ஒரு இளம் நர்ஸ், ஒரு ஆயாம்மா அல்லது வார்டு பாய், பயிற்சிக்கு வந்திருந்தால் மாணவிகள். ஷிஃப்ட் மாறினாலும் கட்டில்கள் மாறாது. என் பன்னிரண்டு பேர் மாலையிலும் என் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம்தான் போவார்கள். மருந்து, பி.பி., குளியல், சாப்பாடு, பேச்சு எல்லாவற்றையும் அந்தப் பன்னிரண்டு பேருக்கு அந்தக் குழுவே பார்க்கும். மூன்றாவது சிஸ்டர் அட்மிஷனுக்கும் அவசரத்துக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இன்ஜார்ஜ் மட்டும் கூடப் போகாமல், குழுத் தலைவி தன் நோயாளிகளைப் பற்றிப் பேசுவார். காலை பதினொன்றேகாலுக்கு, வேலை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியாகப் பேசுவோம்.

முதல் நாள் ஆயாம்மா உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டும், "நான் நின்னுக்கறேன் சிஸ்டர்" என்று கதவோரம் நின்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானும் எழுந்து நின்றுகொண்டேன். சங்கடப்பட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் நாற்காலியின் நுனியில்தான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஆறாம் கட்டில் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரி மாணவி, மனச்சோர்வு. டாக்டர் நோட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதியிருந்தது. இரண்டு நாளாகச் சிரிக்கிறாள், தலை வாரிக்கொள்கிறாள் என்று நானும் சொன்னேன். ஆயாம்மா மெதுவாக, "என்கிட்ட கம்மலைக் கழட்டிக் குடுத்துச்சு சிஸ்டர். 'என் தங்கச்சி வந்தா குடுத்துடுங்கம்மா, எனக்கு வேணாம்'னுச்சு. நான் வாங்கல" என்றார்.

அறை அமைதியாகிவிட்டது. அன்றைக்கே டாக்டரிடம் சொன்னோம். அவர் அந்தப் பெண்ணோடு ஒரு மணி நேரம் பேசினார். மனதில் என்ன முடிவு எடுத்து வைத்திருந்தாள் என்பது வெளியே வந்தது. எந்நேரமும் ஒருவர் பக்கத்தில் இருக்கும்படி மாற்றினோம், அம்மாவை வரவழைத்தோம். ஐந்து வாரம் கழித்து வீட்டுக்குப் போனாள். ஆழ்ந்த சோர்வில் இருந்தவர் திடீரென்று அமைதியாகித் தன் பொருளைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். ஆயாம்மா எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. ஆனால் அந்தப் பெண் கம்மலை நீட்டியது அவரிடம்தான். டிராலியோடு ஓடுகிற என்னிடம் அவள் ஏன் நீட்டப்போகிறாள்?

இந்தக் குழு முறை நான் கண்டுபிடித்தது இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் போதாமல், உதவியாளர்களை வைத்து வார்டை ஓட்ட வேண்டியிருந்தது. அப்போது, 1950-களின் தொடக்கத்தில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் இருந்த எலினார் லாம்பர்ட்சன் என்ற செவிலியப் பேராசிரியர் டீம் நர்சிங்கை வகுத்தார். 'ஆள் இல்லை, அதனால் டீம் நர்சிங் முடியாது' என்று என்னிடம் சொல்லும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும். ஆள் குறைந்த காலத்துக்காகவே உருவான முறை அது. ஏறக்குறைய அதே சமயத்தில், 1952-இல், ஹில்டகார்ட் பெப்லாவ் நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையில் வளர்கிற உறவே மனநலச் செவிலியத்தின் மையம் என்று எழுதினார். பி.எஸ்சி. நர்சிங்கில் இரண்டு பேரையும் படித்துவிட்டுத்தான் வார்டுக்குள் வருகிறோம். வந்த முதல் நாளே கையில் டிராலியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளி, சேர்ந்த நாளிலிருந்து போகிற நாள்வரை அவரே முழுப் பொறுப்பு என்கிற பிரைமரி நர்சிங் இதைவிட நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. நம் ஆள் கணக்கில் அது நடக்காது. குழுவாவது நடக்கும்.

கட்டிப்போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அடுத்த வருடம் மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 97-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும்தான், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, நோயாளியைக் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. சட்டமே இந்தக் கடைசி விஷயத்தை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது என்றால், எழுதியவர்களுக்கு நம் வார்டுகளின் நிலை தெரிந்திருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. அது மருத்துவமனை இல்லை, நம் வார்டில் சங்கிலியும் இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒற்றை நர்ஸாக நின்றுகொண்டு, கட்டிலோடு ஒருவர் கையைத் துணியால் கட்டும்போது எனக்கு அந்தச் செய்தி ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

குழுவாக வேலை பார்த்த அந்த மூன்று மாதத்தில் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல உடம்பு, வலை இழுத்த கை. தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவான். "தொறங்க, நேரமாச்சு" என்று கத்துவான். முதல் மூன்று ராத்திரியும் ஆறேழு பேர் சேர்ந்து பிடித்து, அமைதிப்படுத்த ஹாலோபெரிடால், புரோமெத்தசின் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் எங்கள் குழுவில் இருந்த இளம் நர்ஸ் அவன் அம்மாவோடு உட்கார்ந்து பேசினாள். அந்த அம்மா சொன்னார்: "அது அவன் தொழிலுக்குப் போற நேரம்மா. பன்னெண்டு வயசிலேர்ந்து அந்நேரத்துக்குத்தான் எழுந்திருப்பான்."

அன்று ராத்திரி அவன் கதவைத் தட்டியபோது, செக்யூரிட்டியையும் வார்டு பாயையும் கண்ணில் படாத தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் பேசினாள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை நீளம் தள்ளி, அவனுக்கும் வழி விட்டு, தனக்கும் வழி வைத்துக்கொண்டு நின்றாள். "தம்பி, இன்னிக்கு காத்து சரியில்லையாம், போட் எறக்கலையாம். டீ குடிக்கிறியா?" என்று அவள் கேட்கவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். "நீ தொழிலுக்குப் போற நேரம்னு தெரியும். இப்போ நீ ஆஸ்பத்திரியில இருக்க. வா, என்கூட நட" என்றாள். வராண்டாவில் இருவரும் அரை மணி நேரம் நடந்தார்கள். பிறகு டீ. மாத்திரையை அவனே கையை நீட்டி வாங்கிக்கொண்டான். மாத்திரையும் வேலை செய்தது, நடையும் வேலை செய்தது. எது எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லமாட்டேன். அவனை அதற்குப் பிறகு ஒருமுறைகூட யாரும் பிடித்து அமுக்கவில்லை. போகும்போது அவளை அக்கா என்று கூப்பிட்டுவிட்டுப் போனான்.

நர்ஸ்களுக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. கன்னத்தில் அடி வாங்கிய சிஸ்டர்கள் எங்களில் பலர். அடி வாங்கிய நாளில் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி டிராலியைத் தள்ளப் போய்விடுவோம். குழுவில் இருந்தபோது, அப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே உட்கார்ந்து என்ன நடந்தது, முன்கூட்டியே என்ன தெரிந்தது என்று பேசினோம். அழுகிறவர் அழுதுவிட்டு வேலைக்குப் போனார்.

குடிநோயாளிகள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். நம் ஊரில் வார இறுதிக்குப் பிறகு எத்தனை அட்மிஷன் என்பது உங்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. கடைசியாக எப்போது குடித்தார் என்று அட்மிஷனில் ஒருவர் கேட்டு எழுதுகிறார். குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வியர்வை, நடுக்கம், இல்லாத பூச்சி தெரிவது என்று குழப்ப நிலைக்குப் போகலாம். அது உயிரைக்கூட எடுக்கும். மூன்றாம் ராத்திரி டியூட்டிக்கு வருகிறவருக்கு அந்தக் கடைசிக் குடியின் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கேஸ் ஷீட்டின் நான்காம் பக்கத்தில் இருந்தால் போதாது, அவர் வாயில் இருக்க வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் புது ரோஸ்டர் வந்தது. என் குழுவில் ஒருவர் கண் வார்டுக்கு, ஒருவர் டயாலிசிஸுக்கு. ஆயாம்மா கான்ட்ராக்ட் என்பதால் வேறு கட்டடத்துக்குப் போனார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ரோஸ்டர் போடுகிறவருக்கு நாங்கள் எண்ணிக்கையாக மட்டும் தெரிந்திருக்கிறோம். மறுநாள் காலை மறுபடி டிராலி என் கைக்கு வந்தது.

அதனால் உங்களிடம் நேராகக் கேட்கிறேன். மனநல வார்டுக்குப் போடுகிற நர்ஸைக் குறைந்தது ஆறு மாதம் அங்கேயே வையுங்கள். ஆயாம்மாக்களையும் வார்டு பாய்களையும் அதேபோல் நிலையாகக் கொடுங்கள், அந்தக் கால் மணி நேரப் பேச்சில் அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள், அது டியூட்டி நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். ராத்திரியில் ஒரே ஒரு நர்ஸ் என்பதை மட்டும் எப்படியாவது மாற்றுங்கள். ஒற்றை ஆளைக் குழு என்று சொல்ல முடியாது. இதற்கு மட்டும் பணம் செலவாகும், தெரியும். மற்றதற்குச் செலவு இல்லை. தலைமை தாங்குகிற சிஸ்டருக்கு ரிஜிஸ்டர் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். அது நடக்காவிட்டால் பெயர்ப்பலகையில் மட்டும் குழு இருக்கும், உள்ளே பழைய டிராலியே ஓடும். அதையும் நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டாரைக் குழுத் தலைவியோடு உட்கார வையுங்கள். விழுப்புரத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, வராண்டாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் அந்த மனிதர்களுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. மூன்று சிஸ்டரிடம் கேட்டு மூன்று பதிலோடு வீட்டுக்குப் போகிறார்கள். பிறகு 'மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்' என்று நாம்தான் அவர்களைத் திட்டுகிறோம்.

ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் உங்கள் மனநல வார்டுக்கு வாருங்கள். ஏதாவது ஒரு கட்டிலைக் காட்டி, இவர் நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், எத்தனை முறை எழுந்தார், இன்றைக்கு இவருக்கு என்ன பயம் என்று அங்கே நிற்கிறவர்களைக் கேளுங்கள். ஆயாம்மாவையும் கேளுங்கள். அவரைக் கடைசியாகக் கேட்காமல் முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு மனநல வார்டு செவிலியர்